கோடில்லாமல் என்னை வரைந்த கதை

என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் மூன்று தடவையும் எனக்குப் பின்னால்தான் பார்த்தார்கள். தேநீர்த் தட்டோடு நான் முன்கூடத்துக்குள் போவேன். வந்த பெண்கள் என்னைப் பார்த்து மரியாதைக்குச் சிரிப்பார்கள், கோப்பையை எடுத்துக்கொள்வார்கள், பிறகு எனக்குப் பின்னால் தொங்கும் திரைச்சீலையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள், பெண் இனித்தான் வரப்போகிறாள் என்று. உக்குவலைப் பக்கமிருந்து வந்த ஒரு பெரியம்மா, "மகள், ஒங்கட தங்கச்சிய வரச் செல்லுங்களே" என்று அன்பாகவே கேட்டார். உம்மா தொண்டையைச் செருமிக்கொண்டு, "அவதான் புள்ள" என்றார். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் பிஸ்கட் கடிக்கும் சத்தம் மட்டும்தான் கேட்டது.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. அவர்களுடைய கைப்பையில் இருந்த போட்டோவில் பால் நிறத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அவளும் நான்தான். அவளை அந்த நிறத்துக்குக் கொண்டுவந்ததும் நான்தான். மாத்தளை திருகோணமலை வீதியில் என் மாமா புஹாரி நடத்தும் ஸ்டூடியோவில், திரைக்குப் பின்னால் உள்ள கம்ப்யூட்டரில் மற்றவர்களின் முகத்தை வெளுப்பது என் தொழில். பெயர் ஸைனம்பு. வாப்பாவின் பெரியம்மாவுக்கு இருந்த பெயர். தொட்டிலில் கிடந்த பிள்ளைக்கு எழுபது வயதுப் பெயரை வைத்துவிட்டு, வயது போகிறதே என்று பிறகு கவலைப்பட்டார்கள்.

வெளுப்பதில் எனக்கு நல்ல பெயர் இருந்தது. ரத்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் வருகிறவர்கள், "கொஞ்சம் செவப்பா எடுத்துக் குடுங்க" என்பார்கள். சிங்கள ஆட்கள், "டிக்கக் சுது கரலா தென்ன" என்று அதையேதான் கேட்பார்கள். எங்கள் ஆட்கள் வாயால் கேட்க மாட்டார்கள். மாமாவைப் பார்த்து இருமுவார்கள். மாமா திரையைப் பார்த்து இருமுவார். நான் முகத்தைத் தெரிவு செய்து வெளிச்சத்தைக் கூட்டுவேன்.

அடையாள அட்டைக்கு எடுக்கும் படத்தை மட்டும் தொடக்கூடாது என்பது மாமாவின் சட்டம். நாட்டில் சண்டை நடந்த அந்த நாட்களில் தம்புள்ளைக்குப் போவதானாலும் கண்டிக்குப் போவதானாலும் ஆமிக்காரர்கள் சாவடியில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கிவிடுவார்கள். அட்டையில் உள்ள முகமும் ஆளும் ஒத்துப்போகாவிட்டால் அன்றைய பொழுது சாவடியிலேயே போய்விடும். கல்யாணப் படத்தில் அந்த ஆபத்து இல்லை என்று நினைத்திருந்தோம். என் அடையாள அட்டையில் பள்ளிக்கூட நாளில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் இருந்தது. நாவுலைச் சாவடியில் ஓர் ஆமிக்காரப் பையன் அந்த அட்டையைப் பார்ப்பான், என்னைப் பார்ப்பான், ஒன்றும் கேட்காமல் திருப்பித் தருவான். படத்திலிருப்பதும் நானும் ஒரே ஆள்தான் என்று ஒத்துக்கொண்ட ஒரே ஆண்பிள்ளை அதுவரை அவன் ஒருவன்தான்.

முதல் சம்பந்தத்துக்கு நான் என்னைக் கொஞ்சமாகத்தான் வெளுத்தேன். அது தவறியதும் உம்மா, "இன்னும் கொஞ்சம் வெளுத்தீக்கணும்" என்றார். வெளுத்தேன். இரண்டாவதும் தவறியது. மூன்றாவதற்கு, மூக்கு எங்கே முடிகிறது, கன்னம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாத அளவுக்கு வெளுத்தேன். போட்டோ எவ்வளவு அழகாகிறதோ அவ்வளவு வேகமாக அவர்கள் எழுந்து போகிறார்கள் என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் உறைக்கவில்லை. தொழில் தெரிந்த எனக்கும் உறைக்கவில்லை. நிறம் போதவில்லை என்றுதான் நானும் நினைத்தேன்.

இதில் வேடிக்கை, அவர்கள் தேடிய வெள்ளைப் பெண் உண்மையிலேயே திரைக்குப் பின்னால் இருந்தாள். என் தங்கச்சி நூருன்னிஸா உம்மாவின் நிறம். வந்தவர்கள் கண்ணில் அவள் பட்டுவிடக் கூடாது என்று ஒவ்வொரு தடவையும் உம்மா அவளைக் குசினிக்குள் தள்ளிவிடுவார். நான் வாப்பாவின் நிறம். வாப்பா யாகூப், கராம்பும் சாதிக்காயும் வாங்கி விற்கிறவர், அதிகம் பேசாதவர். பெண் பார்க்க ஆட்கள் வரும் நாட்களில் அவரும் வெளியே போய்விடுவார், தன் முகத்தை வைத்து என் முகத்தைக் கணக்குப் பார்த்துவிடுவார்களோ என்று.

நூருன்னிஸாவுக்குக் கொங்காவலையில் மாப்பிள்ளை பேசி வைத்திருந்தது. இரண்டு பேருக்கும் ஒருவரையொருவர் பிடித்திருந்தது. மூத்தவள் இருக்க இளையவளைக் கட்டிக்கொடுப்பது எப்படி என்று அதை நிறுத்தி வைத்திருந்தார்கள். மூன்றாவது சம்பந்தமும் தவறிய பிறகு அந்தப் பையனின் உம்மா வீட்டுக்கு வந்தார். நல்ல மனுஷி, சுற்றி வளைக்கவில்லை. வருகிற ஹஜ்ஜுப் பெருநாளுக்குள் என் காரியம் ஒரு முடிவுக்கு வராவிட்டால் வேறு இடம் பார்க்கப்போவதாகச் சொல்லிவிட்டுப் போனார். அன்று நூருன்னிஸா சாப்பிடவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவள், "ராத்தா, ஒங்களுக்கு டீ ஊத்தட்டுமா?" என்று கேட்டாள். எனக்கு அது மிகவும் வலித்தது.

இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு நோன்புப் பெருநாள் முடிந்த கையோடு கல்யாணத் தரகர் ஸஹாப்தீன் ஒரு பார்சலோடு வந்தார். மாப்பிள்ளை பாறூக், கலேவெலைக்காரர், தோஹாவில் ஒரு பேக்கரியில் வேலை. லீவுக்கு அடுத்த வருஷம்தான் வருவார். அதற்கு முன் பெண் எப்படியிருப்பாள் என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறார். ஆனால் அவருடைய உம்மாவுக்குப் போட்டோ என்ற பேச்சே ஆகாது.

"அவங்க செல்றதும் நாயந்தானே ராத்தா," என்றார் ஸஹாப்தீன் உம்மாவிடம். "ஒரு ரூம்ல எட்டுப் பேரு ஈக்கிறாங்களாம். கொமருப் புள்ளட போட்டோவ அனுப்பி எட்டுப் பேரும் பாக்கவா? கீறின படம் ஒண்டு அனுப்பச் சென்னாங்க. கீறினது படந்தானே, ஆள் இல்லயே."

பார்சலுக்குள் ஒரு வெள்ளைச் சால்வை இருந்தது. பாறூக் தன் உம்மாவுக்கு அனுப்பியவற்றில் ஒன்று. ஓரத்தில் வெள்ளை நூலிலேயே பூ வேலை. அந்தச் சால்வையை முக்காடாகப் போட்டிருக்கிற மாதிரி படம் இருக்க வேண்டும் என்பது பாறூக்கின் உம்மா சொல்லி அனுப்பிய செய்தி.

"யாரு கீறுவாங்க?" என்று வாப்பா கேட்டார்.

"கொழும்புல தெரிஞ்ச ஆர்ட்டிஸ்ட் ஒருத்தர் ஈக்கிறார்ன்டு நான் ஏற்கனவே செல்லிட்டேன்," என்றார் ஸஹாப்தீன், என்னைப் பார்த்துக்கொண்டே. உம்மாவின் முகம் மலர்ந்தது. போட்டோவென்றால் பொய் என்று சொல்வார்கள், வரைந்த படத்தை யார் பொய்யென்று சொல்ல முடியும்? "படந்தானே மகள். தாராளமா வெள்ளையாக் கீறு," என்றார்.

நான் அதுவரை வரைந்ததெல்லாம் கல்யாண ஆல்பத்துக்கு ரோஜாப்பூவும் புறாவும்தான். அவையும் கொழும்பிலிருந்து வந்த சிடியில் இருந்து எடுத்து ஒட்டியவை. இருந்தாலும் வெள்ளிக்கிழமை மாமா ஜும்ஆத் தொழுகைக்குப் போய் ஸ்டூடியோவின் முன்கதவு பாதி சாத்தியிருந்த நேரம், சால்வையைப் போட்டுக்கொண்டு, ஒப்பனை மேசையின் கண்ணாடியைத் தூக்கி வந்து மொனிட்டருக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதலில் ஒரு தாளில் பென்சிலால் என்னைப் பார்த்து வரைந்தேன். முகம் என்று ஒரு முட்டை, நடுவில் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கோடு, கண் எங்கே வரும், மூக்கு எங்கே முடியும் என்று அடையாளம். அதை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டருக்குள் எடுத்தேன். அதுவரை பிழையில்லை. பிறகு மவுஸைப் பிடித்து அந்தப் பென்சில் கோட்டின் மேல் நல்ல கறுப்புக் கோடு இழுக்கத் தொடங்கினேன்.

மவுஸால் கோடு இழுத்துப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தத் துன்பம் தெரியும். என் தாடை, ரிவர்ஸ்டன் மலைக்கு ஏறுகிற பாதை மாதிரி வளைந்து வளைந்து போயிற்று. உதடு நடுங்கியது. அழித்து மறுபடி இழுத்தால் வேறு இடத்தில் நடுங்கியது. ஜும்ஆ முடிந்து மாமா வரும்போது திரையில் குளிரில் விறைக்கிற ஒரு கிழவி இருந்தாள். மாமா பார்த்துவிட்டு, "இது யாருட ஓர்டர்?" என்று கேட்டார்.

வழி காட்டியது அந்தக் கொழும்பு சிடிதான். அதில் ஒரு கொக்கின் படம் இருந்தது. பல தடவை அதை ஆல்பங்களில் ஒட்டியிருக்கிறேன், ஒரு நாளும் உற்றுப் பார்த்ததில்லை. அந்தக் கொக்குக்கு எந்தப் பக்கமும் கோடு இல்லை. வெள்ளை ஒரு துண்டு, சாம்பல் ஒரு துண்டு, மஞ்சள் ஒரு துண்டு. ஒரு நிறம் முடிகிற இடத்தில் அடுத்த நிறம் தொடங்குகிறது, அவ்வளவுதான். அதுவே சிறகாகவும் அலகாகவும் தெரிகிறது. கோடு போடத் தெரியாதவளுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை உலகத்தில் இருக்காது என்று எனக்குப் பட்டது.

அப்படியே தொடங்கினேன். பென்சில் படத்தை மேலே ஒரு லேயரில் வைத்தேன். லேயர் என்றால் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்த கண்ணாடித் தாள் என்று வைத்துக்கொள்ளலாம். அதற்குக் கீழே முகத்துக்கு ஒரு தாள், முக்காட்டுக்கு ஒரு தாள், கண்ணுக்கு, புருவத்துக்கு, உதட்டுக்குத் தனித்தனியாக. ஒவ்வொரு துண்டையும் ஓரம் வெட்டி ஒரே நிறத்தை ஊற்றினேன். முகத்துக்கு, உம்மா சொன்னபடி, என் கைக்குப் பழக்கமான அந்தக் கல்யாண வெள்ளை. மேலே பென்சில் கோடுகள் இருந்ததால் எல்லாம் நன்றாகவே தெரிந்தது. நூருன்னிஸா சோறு கொண்டுவந்த நேரம் பார்த்துவிட்டு, "ராத்தா, சோக்கா ஈக்கிதே!" என்றாள். அவள் கண்ணில் கொங்காவலை தெரிந்தது.

பிறகு பென்சில் லேயரை மறைத்தேன்.

முகம் இல்லை. வெள்ளைச் சால்வைக்குள் வெள்ளை முகம் கரைந்து போய், இரண்டு கண், இரண்டு புருவம், ஓர் உதடு மட்டும் ஆகாயத்தில் தொங்கிக்கொண்டிருந்தன. நூருன்னிஸா சோற்றுத் தட்டை மேசையில் வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போனாள். அந்தப் படத்தைத் தோஹாவுக்கு அனுப்பியிருந்தால் எட்டுப் பேரும் ரூமைக் காலி செய்திருப்பார்கள்.

நான் விடவில்லை. சால்வையின் நிறத்தை மாற்றி மெரூன் ஆக்கினேன். முகம் வெளியே வந்தது. உம்மா வந்து பார்த்துவிட்டு, "அவங்க வெள்ளச் சால்வ அனுப்ப நாங்க சிவப்புப் போட்டா, வித்துட்டோம்ன்டு நெனப்பாங்க" என்றார். அதுவும் சரிதான். சால்வைக்கும் முகத்துக்கும் நடுவில் ஒரு கீற்று முடி தெரிகிற மாதிரி வைத்தேன். கறுப்பு முடி, கோடு செய்கிற வேலையைத் தானே செய்துவிடும். "முடி தெரியவா? அல்லாஹ்வே, மாப்புளட உம்மா பாத்தா?" என்று உம்மா தலையில் கை வைத்தார். முடியை எடுத்தேன். சால்வையின் நிழல் முகத்தில் விழுகிற மாதிரி தாடையைச் சுற்றிச் சாம்பல் பூசினேன். எனக்குத் தாடி வந்துவிட்டது. அன்று பின்னேரம் மாமா அதைப் பார்த்து, "மாப்புளயையும் நீயே கீறிட்டியா?" என்று கேட்டார். சிரிக்கத்தான் வேண்டும். ஆனால் ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கிக்கொண்டிருந்தது, எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி தனியாக உட்கார்ந்தேன். படத்தின் நிறத்தையெல்லாம் எடுத்துவிட்டு வெறும் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்த்தேன். கோடில்லாத படத்தில் துண்டுகள் பிரிந்து தெரிகின்றனவா என்று பார்க்க அது நல்ல வழி. முகமும் சால்வையும் ஒரே வெளிர் சாம்பல். அப்போதுதான் என் மண்டையில் ஏறியது. இந்தப் படத்தில் நான் தெரிய வேண்டுமானால் முகம் சால்வையைவிடக் கறுப்பாக இருக்க வேண்டும். கொஞ்சம் அல்ல, நன்றாகவே.

எவ்வளவு கறுப்பு என்று எனக்குத் தெரியாது. என் கலர்ப் போட்டோக்களை வெளுக்கும் முன் நான் உற்றுப் பார்த்ததே இல்லை. முதல் சம்பந்தத்துக்காக மாமா எடுத்த படம், கை வைக்காத அசல், கம்ப்யூட்டரில் எங்கோ கிடந்தது. தேடி எடுத்தேன். கண் மருந்து விடுகிற சொட்டுக் குழாய் போல ஒரு சின்னக் குறி இருக்கிறது, அதை எந்த இடத்தில் வைத்து அமுக்கினாலும் அந்த இடத்து நிறத்தை அள்ளிக்கொண்டு வரும். அதை என் கன்னத்தில் வைத்து அமுக்கினேன். பக்கத்திலிருந்த சின்னப் பெட்டியில் என் நிறம் வந்து நின்றது. வீடெல்லாம் சேர்ந்து மறைத்த நிறமாயிற்றே, தார் மாதிரி ஏதோ வரும் என்று பயந்துகொண்டிருந்தேன். நன்றாக ஊறிய, பால் விடாத பிளேன் டீயின் நிறம். அவ்வளவுதான். இதற்காகவா இவ்வளவு பாடு என்று எனக்கு என் மேலேயே கோபம் வந்தது.

அந்த நிறத்தை முகத்தில் ஊற்றினேன். சால்வை உடனே வெள்ளையாயிற்று. அதுவரை அது வெள்ளையாகவே தெரிந்ததில்லை. அதன் பிறகு வேலை தானாக நடந்தது. மூக்கின் ஒரு பக்கத்துக்கும் கீழுதட்டின் அடிக்கும் அதே நிறத்தில் ஒரு படி கடுமை. நெற்றியிலும் மூக்கு நுனியிலும் ஒரு படி வெளிச்சம். என் கண்களில் ஒன்று கொஞ்சம் சிறியது. வெளுத்த போட்டோக்களில் அதைப் பெரிதாக்கிவிடுவேன். இந்தத் தடவை கண்ணாடியைப் பார்த்துப் பார்த்து அப்படியே சிறிதாக வைத்தேன். சால்வை மடிப்புகளுக்கு மிக மெல்லிய நீலச் சாம்பல். கடைசியாக இரண்டு கண்ணிலும் கடுகளவு வெள்ளைப் புள்ளி. பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு பென்சில் லேயரை மறைத்தேன். நான் மறையவில்லை. அங்கேயே உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அழகு என்று சொல்ல வரவில்லை, ஆனால் எனக்கு என்னைப் பிடித்திருந்தது. முப்பது வயது தாண்டிய பெண் கம்ப்யூட்டருக்கு முன்னால் இருந்து மூக்கைச் சிந்துவதைப் பார்க்க யாருமில்லாதது நல்லதாகப் போயிற்று.

பெரிய தாளில் அடித்து வீட்டுக்குக் கொண்டுபோய் மேசையில் விரித்தேன். உம்மா பார்த்த உடனே, "ஒனக்குப் பைத்தியமா? தங்கச்சிட வாழ்க்கையயும் சேத்து நாசமாக்கப் போறியா?" என்று கத்தினார். நியாயமான கேள்வி. வாப்பா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து நெடுநேரம் பார்த்தார்.

"இது என்ட நெறம்," என்றார். "மூணு தரம் நீங்க ரெண்டு பேரும் சேந்து இத அழிச்சீங்க. நான் ஒண்டும் செல்லல்ல. செல்லீக்கணும்."

குசினி வாசலில் நின்ற நூருன்னிஸா முன்னால் வந்தாள். "அனுப்புங்க ராத்தா. கெடச்சாலும் இதுலயே கெடைக்கட்டும். இன்னொரு தரம் என்னால குசினிக்குள்ள ஒளிஞ்சிக்கிட்டு நிக்கேலா" என்றாள். அதைச் சொல்ல அவளுக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டியிருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். எனக்கில்லாத துணிச்சல். மறுநாள் மாமாவின் கம்ப்யூட்டரிலிருந்து படம் தோஹாவுக்குப் போயிற்று. தாளில் அடித்ததை ஸஹாப்தீன் சுருட்டிக் கலேவெலைக்கு எடுத்துப் போனார்.

தோஹாவிலிருந்து நாள்கணக்கில் ஒரு பதிலும் வரவில்லை. உம்மா எனக்குக் கேட்கிற மாதிரி தஸ்பீஹ் மணியை உருட்டி ஓதினார். கடைசியில் ஸஹாப்தீன் வந்து, பாறூக் அதிகம் ஒன்றும் சொல்லவில்லை, தன் உம்மா நேரில் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும் என்று மட்டும் சொன்னதாகச் சொன்னார். இது எந்தப் பக்கமும் சேராத பதில். வெறும் மரியாதைக்காகவும் இருக்கலாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் வருவதாகச் சொன்னவர்கள் பகல் தாண்டியும் வரவில்லை. வழியிலேயே திரும்பிவிட்டார்கள் என்று உம்மா முடிவு கட்டி, பலகாரத் தட்டை மூடப்போன நேரம் முச்சக்கர வண்டி வந்து நின்றது. பாறூக்கின் உம்மா, பருத்த மனுஷி, கையில் சுருட்டிய படத்தோடு மூச்சு வாங்க உள்ளே வந்து உட்கார்ந்தார். கூட ஸஹாப்தீன். இந்தத் தடவை நூருன்னிஸா ஒளியவில்லை, உம்மாவுக்குப் பக்கத்திலேயே நின்றாள். நான் தட்டோடு போனேன்.

அவர் என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் பார்க்கவில்லை. தட்டிலிருந்து கோப்பையையும் எடுக்கவில்லை. படத்தை விரித்து மடியில் வைத்துக்கொண்டு, ஒரு தடவை படத்தை, ஒரு தடவை என்னை, மறுபடி படத்தை என்று அந்த நாவுலைச் சாவடிப் பையன் மாதிரியே பார்த்தார். பிறகு அவருடைய நெற்றி சுருங்கியது.

"ஒரு பிழ ஈக்கிதே," என்றார்.

உம்மாவின் கை என் தங்கச்சியின் கையைப் பிடித்தது. இவ்வளவு உண்மையாகச் செய்தும் பிழையா?

"சின்னக் கண்ணு படத்துல இந்தப் பக்கம் ஈக்கிது. புள்ளக்கி மத்தப் பக்கம் ஈக்கிதே?"

எனக்கு விளங்கிவிட்டது. ஸ்டூடியோவில் இத்தனை வருஷம் இருந்தும், கண்ணாடியில் இடமும் வலமும் மாறித் தெரியும் என்பது எனக்கு நினைவில் வரவில்லை. ஒரு சொடுக்கில் திருப்பியிருக்கலாம். பதற்றத்தில் வாய் முந்திக்கொண்டது. "கண்ணாடியப் பாத்துக் கீறினேன் மாமி, அதான் மாறிப் போச்சி," என்றேன்.

"நீங்களா கீறினீங்க? கொழும்பு ஆர்ட்டிஸ்ட் ன்டாரே இவர்?"

ஸஹாப்தீன் கூரையில் எதையோ தேடத் தொடங்கினார். நான் தட்டைப் பிடித்தபடி நின்றேன். பாறூக்கின் உம்மா என்னை மறுபடி பார்த்தார். கண்ணைப் பார்த்தார், நெற்றியைப் பார்த்தார், கன்னத்தைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரிக்கத் தொடங்கினார்.

"நான் ஒண்டு செல்றேன் கேளுங்க," என்றார் சிரிப்பு அடங்கியதும் உம்மாவிடம். "நாங்க பிந்தினது என்னத்துக்குத் தெரியுமா? நாவுலையில பஸ்ஸ நிப்பாட்டி, இந்தச் சுருளுக்குள்ள என்ன ஈக்கின்டு ஆமிக்காரப் பொடியன் விரிச்சான். பெரிய ஐயாவக் கூப்புட்டான். அவரும் பாத்தாரு. 'மே கவுத?' ன்டு கேட்டாரு, இது யாருன்டு. எனக்கு ஒதறல். மகனுக்குப் பேசுற புள்ளன்டு அவ்வளவு சிங்களத்துல செல்ல எனக்கு எங்க வருது? 'மகே லேலி' ன்டு சென்னேன். என்ட மருமகள்ன்டு."

அவர் கையை நீட்டித் தட்டிலிருந்து கோப்பையை எடுத்தார். "ஆமிக்காரங்களுக்கு ஒண்டு செல்லிட்டு பொறகு மாத்துறது நல்லமில்ல தானே. இரிங்க மகள், எவ்வளவு நேரம் நிக்கிறீங்க," என்றார்.

நான் உட்கார வேண்டிய நேரத்தில் உட்காராமல் நின்று அழுதேன். நூருன்னிஸா என் கையிலிருந்த தட்டை வாங்கினாள், அவளும் அழுதாள். பெண் பார்க்க வந்த வீட்டில் இரண்டு பெண்களும் அழுதால் என்ன நினைப்பார்கள் என்று உம்மா எங்களை முறைத்தார். பிறகு அவரும் முந்தானையை எடுத்தார்.

சண்டை முடிந்த பிறகு, அடுத்த ஜூலை மாதம் பாறூக் லீவில் வந்தார். இரண்டு நிக்காஹ்வும் ஒரே கிழமையில் நடந்தன. முதல் நாள் பேச்சில் அவர் கேட்டது, "அந்தப் படத்துல கோடே இல்லயே, எப்படிக் கீறினீங்க?" என்றுதான். ரூமில் எட்டுப் பேரும் அதைப் பார்த்தார்களாம். ஒருவரும் நிறத்தைப் பற்றிப் பேசவில்லையாம். கோட்டைக் காணவில்லையே என்றுதான் விவாதமாம்.

கல்யாண ஆல்பம் மாமாவின் அன்பளிப்பு. எனக்குத் தெரியாமல் தானே இருந்து செய்து, கலேவெலைக்கு நேரில் கொண்டுவந்து கொடுத்தார். மாமி மடியில் வைத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். மூன்றாம் பக்கத்தில் நிறுத்தி, "மகனுக்குப் பக்கத்துல நிக்கிற இந்தப் புள்ள யாரு?" என்று கேட்டார். மாமா இருமினார். பாவம், அன்பினால் செய்தது. ஆல்பம் முழுக்க என்னைப் பால் நிறத்துக்கு வெளுத்திருந்தார். வெள்ளை முக்காட்டுக்குள் என் முகம் பாதிக்கு மேல் காணாமல் போயிருந்தது.

பாறூக் தோஹாவுக்குத் திரும்பிய பிறகு நான் மாத்தளைக்கு வந்து மறுபடி அந்தத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்தேன். ஆல்பத்தின் படங்களை ஒரு பக்கமும் நான் வரைந்த படத்தை மறுபக்கமும் திறந்து வைத்தேன். அந்தச் சொட்டுக் குழாயால் நான் வரைந்த கன்னத்திலிருந்து நிறத்தை அள்ளி, போட்டோவுக்குப் போட்டோ என் முகத்துக்குத் திருப்பிக் கொடுத்தேன். பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து உம்மா பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பக்கத்திலும் நான் திரும்பி வர வர, அவர் ஸ்டூலை இன்னும் கிட்ட இழுத்துக்கொண்டார். ஒரு படத்தில் என் கன்னத்தைத் திரையிலேயே விரலால் தொட்டுப் பார்த்தார். மாமா எல்லோரையுமே வெளுத்திருந்த குடும்பப் படம் வந்ததும்தான் வாயைத் திறந்தார்.

"ஒனக்குச் செஞ்சது சரி மகள்," என்றார். "என்னய மட்டும் மாமா வெளுத்தது வெளுத்தபடியே ஈக்கட்டும்."

அப்படியே விட்டுவிட்டேன்.